சாஃப்ட்வேர் டைமர்: தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் வேலை

ஜூன் 3, வாசகர் கேள்வி

எட்டு பிட் சிப். ஹார்ட்வேர் டைமர் மூன்றுதான் இருக்கிறது, அதில் இரண்டு பிடபிள்யூஎம்முக்கு (துடிப்பின் அகலத்தை மாற்றிச் சக்தியைக் கட்டுப்படுத்தும் முறை) போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒன்றை வைத்து பட்டன் டிபவுன்ஸ் (அழுத்தும்போது வரும் துள்ளலை ஒதுக்குவது), எல்இடி, சீரியல் டைம்அவுட், மோட்டார் கட்ஆஃப் என்று 20 டைமர் ஓட்ட வேண்டும். மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்திவிட்டு ஓடும் சிறு ஃபங்ஷன்) வைத்து, அரேயில் உள்ள எல்லாக் கவுண்டரையும் ஒவ்வொன்றாகக் குறைக்கிறேன். பூஜ்யம் ஆனதும் ஒரு கொடியைத் தூக்குகிறேன், மெயின் லூப் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஓடுகிறது. ஆனால் உடன் வேலை பார்ப்பவர் "இதெல்லாம் ஒரு டிசைனா, டைமர் வீல் போடுங்க" என்கிறார். இதில் உண்மையாகவே என்ன குறை?

ஜூன் 3

20 டைமருக்கு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு 16 பிட் கவுண்டரை எடுத்து, பூஜ்யமா என்று பார்த்து, ஒன்றைக் கழித்துத் திரும்ப வைக்கச் சுமார் 15 சைக்கிள் என்று வையுங்கள். 20 டைமருக்கு 300. 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்டுக்குள் 16,000 சைக்கிள் இருக்கிறது. இரண்டு சதவீதத்துக்குக் கீழே. வேகத்துக்காக வீல் (டைமர்களை முடியும் நேரப்படி ஒரு வட்ட அரேயில் போடும் முறை, பின்னால் வருகிறேன்) போடச் சொன்னால் போட வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது வேறு இடம். அந்த அரேயை யார் யார் தொடுகிறார்கள்? இன்டரப்ட் குறைக்கிறது, மெயின் லூப் எழுதுகிறது, சில இடங்களில் "இன்னும் எவ்வளவு மிச்சம்" என்று படிக்கவும் செய்யும். எட்டு பிட் சிப்பில் 16 பிட் எண்ணைப் படிப்பது இரண்டு தனித்தனிப் படிப்பு. கவுண்டரில் 256 இருக்கிறது என்று வைப்போம். கீழ் பைட் 0, மேல் பைட் 1. மெயின் லூப் கீழ் பைட்டைப் படிக்கிறது, 0 கிடைக்கிறது. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து 256ஐ 255 ஆக்குகிறது, இப்போது கீழ் பைட் 255, மேல் பைட் 0. திரும்பி வந்த மெயின் லூப் மேல் பைட்டைப் படிக்கிறது, 0. இரண்டையும் சேர்த்தால் பூஜ்யம். கால் செகண்டு மிச்சம் இருக்கும்போதே டைமர் முடிந்துவிட்டதாக அது நம்பும். மேசையில் வைத்து எத்தனை முறை ஓட்டினாலும் இது கண்ணில் படாது, வாடிக்கையாளரிடம் போன பிறகு மாதத்துக்கு ஒருமுறை வரும். படிக்கும்போதும் எழுதும்போதும் இன்டரப்ட்டை ஒரு சில சைக்கிள் நிறுத்தி வைத்தால் தீர்ந்தது.

ஜூன் 3, இரவு

பிடபிள்யூஎம் விஷயம் விட்டுப்போனது. ஏடிமெகா328பி வகையாக இருந்தால் ஒவ்வொரு டைமருக்கும் ஏ, பி என்று இரண்டு கம்பேர் சேனல் (எழுதி வைத்த எண்ணைக் கவுண்டர் தொட்டதும் அடிக்கும் பகுதி) உண்டு. இரண்டு பிடபிள்யூஎம்மும் ஒரே அதிர்வெண்ணில் ஓடலாம் என்றால் ஒரே டைமரில் இரண்டையும் எடுத்துவிடலாம், ஒரு டைமர் மிச்சமாகும். அதை மோட்டார் கட்ஆஃபுக்குக் கொடுங்கள். ஆளுக்கோ இயந்திரத்துக்கோ அடிபடக்கூடிய வேலையை மெயின் லூப் பார்த்து நிறுத்தும் கொடியை நம்பி விடக்கூடாது. மெயின் லூப் எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தக் கொடி தூக்கியபடியே நிற்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 4

எல்லாக் கவுண்டரையும் குறைப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு டிக் எண்ணை (ஒவ்வொரு டைமர் இன்டரப்ட்டுக்கும் ஒன்று கூடும் எண்) ஓடவிட்டு, ஒவ்வொரு டைமருக்கும் தொடங்கிய நேரத்தையும் இடைவெளியையும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. அப்போது கேள்வி இது மட்டும்தான்: இப்போது கழித்தல் தொடக்கம், இடைவெளிக்குச் சமமா அல்லது மேலா?

கழிக்க வேண்டும் என்பது முக்கியம். "தொடக்கம் கூட்டல் இடைவெளி" என்று முடிவு நேரத்தைக் கணக்கிட்டு, இப்போதைய டிக் அதைத் தாண்டியதா என்று நேராக ஒப்பிட்டால் எண் சுற்றித் திரும்பும் இடத்தில் உடையும். எட்டு பிட்டில் கையால் போட்டுப் பாருங்கள். தொடக்கம் 250, இப்போது 4. நான்கிலிருந்து 250ஐ எட்டு பிட் அன்சைன்டாக (மைனஸ் இல்லாத எண்ணாக) கழித்தால் 10 வரும். சரியான விடை, சுற்றியது தெரியக்கூட இல்லை. முடிவு நேரம் வைத்திருந்தால் 250 கூட்டல் 10 என்பது 4 ஆகிவிடும். டிக் 251 ஆனதும் "4ஐத் தாண்டிவிட்டோம்" என்று டைமர் உடனே அடித்துவிடும்.

32 பிட்டில் மில்லிசெகண்டு எண்ணினால் சுற்றுவதற்கு 49 நாள் 17 மணி நேரம் ஆகும். விண்டோஸ் 95ம் 98ம் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்து போனதற்கு இந்த எண்தான் காரணம். அந்தக் காலத்து வீட்டுக் கணினியை அத்தனை நாள் அணைக்காமல் வைத்திருந்தவர்கள் குறைவு. நாம் செய்யும் போர்டை மாட்டிவிட்டு வந்தால் அது வருடக்கணக்கில் ஓடும்.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. டிக் எண் பூஜ்யத்தில் தொடங்காது, சுற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கும். தப்பாக ஒப்பிட்ட டிரைவர் இருந்தால் பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். நான் தொடும் எல்லா ஃபர்ம்வேரிலும் (சிப்புக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) இதைப் போட்டுவிடுகிறேன். ஒரே வரி.

ஜூன் 4, கொஞ்சம் கழித்து

மேலே சொன்ன கழித்தலுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, சீ மொழிக்காரர்கள் கவனிக்கவும். இடத்தை மிச்சப்படுத்த 16 பிட் டிக் வைத்து, புரோகிராம் கோடை 32 பிட் சிப்புக்கு மாற்றினால் கழித்தல் 16 பிட்டில் நடக்காது. மொழியே இரண்டையும் 32 பிட் சைன்டு எண்ணாக விரித்துவிடும். 4 கழித்தல் 65,530 என்பது 10 ஆகாமல் மைனஸ் 65,526 ஆகும், அது 10ஐ விடச் சின்னது, டைமர் அடிக்கவே அடிக்காது. கழித்த விடையைத் திரும்பவும் 16 பிட் அன்சைன்டாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். எட்டு பிட்டில் பல வருடம் ஓடிய கோடு புது சிப்பில் ஒரு நிமிடம் ஆறு செகண்டில் நின்றுபோவதைப் பார்த்திருந்தால், அது இதுதான்.

ஜூன் 6

"49 நாளெல்லாம் யார் சோதிக்கிறார்கள்" என்று கேட்டிருந்தார்கள். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787க்கு ஓர் உத்தரவு போட்டது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு யூனிட்டுகள் 248 நாள் மின்சாரம் விடாமல் ஓடினால் அதற்குள் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கவுண்டர் நிரம்பி வழிந்து, அவை பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க இடையிடையே மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. 2இன் அடுக்கு 31ஐ ஒரு செகண்டின் நூறில் ஒரு பங்காக எண்ணிப் பாருங்கள், 248.55 நாள் வரும்.

அதோடு ஒட்டிய இன்னொன்று, இது சுற்றல் இல்லை, மாற்றல். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக முழு எண்ணில் எண்ணியது, அதில் பிழை இல்லை. அதைச் செகண்டாக மாற்ற 1/10ஆல் பெருக்கியது. 1/10 பைனரியில் முடியாமல் ஓடும் பின்னம், 24 பிட்டில் வெட்டினால் ஒரு துளி குறையும். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 செகண்டு ஆனது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் தப்பான இடத்தில் தேடியது, 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய சாஃப்ட்வேர் மறுநாள் வந்து சேர்ந்தது.

நம் அளவில் இதே கதை: 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 32ஆல் வகுத்தால் செகண்டுக்கு 1,024 டிக். அதை "ஏறக்குறைய மில்லிசெகண்டு" என்று வைத்துக்கொண்டு எழுதிய கோடுகள் நிறைய. ஆயிரம் டிக் என்பது 976 மில்லிசெகண்டுதான். பட்டனுக்குப் பரவாயில்லை, மீட்டருக்குக் கூடாது. உள்ளே எங்கும் டிக்காகவே வைத்து, வெளியே காட்டும் கடைசி இடத்தில் மட்டும் 125ஆல் பெருக்கி 128ஆல் வகுங்கள்.

ஜூன் 7

சின்ன விஷயம். "ஒரு டிக் தாமதம்" என்று கேட்டால் கிடைப்பது பூஜ்யத்துக்கும் ஒரு டிக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கேட்ட அடுத்த மைக்ரோசெகண்டே டிக் வரலாம். குறைந்தது 5 மில்லிசெகண்டு வேண்டும் என்று டேட்டாஷீட் சொன்னால் 6 டிக் கேளுங்கள்.

ஜூன் 10

சரி, வீல். உடன் வேலை பார்ப்பவர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய யூனிக்ஸில் டைமர்களை நேர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முந்தையதற்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருப்பார்கள். 30, 50, 120 டிக்கில் மூன்று டைமர் என்றால் பட்டியலில் 30, 20, 70. டிக் வரும்போது தலையை மட்டும் குறைத்தால் போதும். புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் பட்டியலை நடந்து போக வேண்டும். ஆயிரக்கணக்கில் டைமர் இருக்கும் இடத்தில் அந்த நடை வலிக்கும், அதற்காகத்தான் 1987இல் ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் டைமர் வீலைக் கொண்டுவந்தார்கள். கடிகார முகம் போல வட்டமாக ஒரு அரே, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த டிக்கில் முடியும் டைமர்களின் பட்டியல். சேர்ப்பதும் எடுப்பதும் எத்தனை டைமர் இருந்தாலும் ஒரே விலை.

50 டைமருக்குள் இருக்கும்வரை வரிசைப் பட்டியலே போதும் என்பது என் முடிவு. படித்தால் புரிகிறது, டீபக்கரில் பார்த்தால் தெரிகிறது, ஞாபகமும் குறைவு. உங்கள் சிப்பில் இருப்பதே இரண்டு கிலோபைட் ராம் என்றால் 256 கட்ட வீலின் பாயின்டர்களுக்கே 512 பைட் போய்விடும்.

ஆனால் வீலின் பின்னால் இருக்கும் கவனிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டைமர்களில் இரண்டு ஜாதி. ஒன்று அடிப்பதற்காகவே தொடங்குவது: எல்இடி சிமிட்டல், சென்சார் படிப்பு. இன்னொன்று அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தொடங்குவது: சீரியல் டைம்அவுட், மறுமுயற்சி. இரண்டாவது ஜாதி பெரும்பாலும் முடிவதற்கு முன்பே நிறுத்தப்படும். 2016இல் லினக்ஸ் 4.8க்காகத் தாமஸ் கிளெய்க்ஸ்னர் வீலைத் திருத்தி எழுதியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார். தூரத்தில் இருக்கும் டைமருக்குத் துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை, எப்படியும் அது நிறுத்தப்படும் என்று விட்டதில், டைமர்களை ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு மாற்றும் வேலையே ஒழிந்தது.

எனக்குச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது ஜாதியைப் பற்றித்தான். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 11

ஒரு வால்வு கட்டுப்பாட்டுப் போர்டு. மாஸ்டர் சீரியலில் "ஒரு படி திற" என்று கேட்கும், 200 மில்லிசெகண்டு டைமரைத் தொடங்கும், பதில் வந்தால் டைமரை நிறுத்தும், வராவிட்டால் திரும்பக் கேட்கும். டைமர் முடிந்தால் இன்டரப்ட் ஒரு "டைம்அவுட்" செய்தியை க்யூவில் போடும், மெயின் லூப் க்யூவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். பாடப்புத்தக டிசைன். எப்போதாவது ஒருமுறை வால்வு இரண்டு படி திறந்துவிடுகிறது என்று புகார்.

லாஜிக் அனலைசரை மாட்டி, மெயின் லூப் க்யூவிலிருந்து எதை எடுக்கிறது என்பதை இரண்டு பின்னில் வெளியே காட்டி, விட்டுவிட்டுக் காத்திருந்தோம். பிடித்த படம் இப்படி இருந்தது. பதிலின் கடைசி பைட் 199ஆவது மில்லிசெகண்டின் முடிவில் வருகிறது, "பதில் வந்தது" என்ற செய்தி க்யூவில் விழுகிறது. மெயின் லூப் அப்போது டிஸ்ப்ளேயில் எழுதிக்கொண்டிருக்கிறது. அது திரும்புவதற்குள் 200ஆவது டிக் வந்துவிட்டது, "டைம்அவுட்" செய்தியும் பின்னாலேயே விழுகிறது. மெயின் லூப் முதல் செய்தியை எடுக்கிறது. பதில் வந்துவிட்டது, டைமரை நிறுத்து, அடுத்த கட்டளையை அனுப்பு, டைமரைத் தொடங்கு. எல்லாம் சரி. இரண்டாவது செய்தியை எடுக்கிறது: டைம்அவுட். இது பழைய கட்டளையின் டைம்அவுட். ஆனால் இப்போது காத்திருப்பது புதிய கட்டளை. அனுப்பி ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாத கட்டளையை "பதில் வரவில்லை" என்று முடிவு செய்து மறுபடி அனுப்புகிறது. வால்வு இரண்டு படி.

டைமரை நிறுத்தும் ஃபங்ஷனில் பிழையே இல்லை, அது டைமரை நிறுத்தத்தான் செய்தது. டைமர் ஏற்கனவே பேசிவிட்ட பேச்சைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

தீர்வு ஒரு பைட். ஒவ்வொரு டைமருக்கும் ஒரு வரிசை எண். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அது ஒன்று கூடும். டைம்அவுட் செய்தி தன்னோடு அந்த எண்ணையும் சுமந்து வரும். எடுக்கும்போது டைமரின் இப்போதைய எண்ணோடு பொருந்தாவிட்டால் செய்தியைத் தூக்கிப் போடு.

ஜூன் 11, இரவு

"எட்டு பிட் எண்ணும் சுற்றுமே" என்று உடனே கேட்டுவிட்டார்கள். சுற்றும். ஆனால் பழைய செய்தி ஒன்று க்யூவில் கிடக்கும்போதே அந்த டைமரை 128 முறை தொடங்கி நிறுத்தினால்தான் எண் பொருந்தி ஏமாற்றும். மெயின் லூப் க்யூவைக் காலி செய்துகொண்டே இருக்கும் இடத்தில் அது நடக்காது. டைமரைத் தொடங்குவது வேறு டாஸ்க் (தனியாக ஓடும் வேலை), செய்தியைப் படிப்பது வேறு டாஸ்க் என்றால் 16 பிட் வையுங்கள்.

கேள்வி கேட்டவர் கவனத்துக்கு: உங்கள் கொடியும் ஒரு க்யூதான், ஒரே இடம் உள்ள க்யூ. நிறுத்தும் ஃபங்ஷன் கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்கினால் போதாது, கொடியையும் இறக்க வேண்டும். இரண்டையும் இன்டரப்ட் நிறுத்திய ஒரே மூச்சில் செய்யுங்கள். இடையில் டிக் வந்தால் இறக்கிய கொடி திரும்ப ஏறிவிடும்.

ஜூன் 12

ஃப்ரீஆர்டிஓஎஸ் (சின்னச் சிப்புகளுக்கான இயங்குதளம்) பயன்படுத்துவோருக்கு. அங்கே டைமரை நிறுத்துவது என்பது நிறுத்தச் சொல்லி ஒரு கட்டளையை டைமர் டாஸ்கின் க்யூவில் போடுவது. திரும்பி வரும் "வெற்றி" என்பதற்குக் கட்டளை க்யூவில் ஏறிவிட்டது என்று மட்டும்தான் பொருள். உங்கள் டாஸ்கின் முன்னுரிமை டைமர் டாஸ்கைவிட மேலே இருந்தால், நிறுத்திவிட்டோம் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போன பிறகும் கால்பேக் (டைமர் முடிந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) ஓடலாம். நிறுத்திய கையோடு கால்பேக் தொடும் ஞாபகத்தை விடுவித்தால் விளைவு தெரிந்ததே. டைமர் டாஸ்குக்கு மற்ற டாஸ்குகளைவிட மேலான முன்னுரிமை கொடுத்து, கால்பேக்கை ஒரு செய்தி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கால்பேக்குக்குள் காத்திருக்கும் எதையும் கூப்பிட்டால் மற்ற எல்லா டைமரும் பின்னால் வரிசையில் நிற்கும்.

லினக்ஸில் இதற்கே மூன்று வகை ஃபங்ஷன் உண்டு. ஒன்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பும். ஒன்று வேறு கோரில் ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கும். பிற்பாடு வந்த மூன்றாவது, அந்த டைமரை இனி யாரும் தொடங்கவே முடியாதபடி மூடும். டைமர் வேறொரு வேலையைத் தூண்ட, அந்த வேலை டைமரை மறுபடி தொடங்கும் இடத்தில் அது இல்லாமல் முடியவில்லை.

ஜூன் 12

வாட்ச்டாக்கை (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) டைமர் இன்டரப்ட்டுக்குள் வைத்துத் தட்டிக் கொடுக்காதீர்கள். மெயின் லூப் செத்துப்போனாலும் இன்டரப்ட் ஓடும்.

ஜூன் 16

திரும்பத் திரும்ப அடிக்கும் டைமர். அடுத்த நேரத்தை "இப்போது கூட்டல் இடைவெளி" என்று போட்டால் ஒவ்வொரு தாமதமும் சேர்ந்துகொண்டே போகும். "போன முறை அடித்திருக்க வேண்டிய நேரம் கூட்டல் இடைவெளி" என்று போட்டால் சேராது. இதுவரை எல்லோரும் சொல்வது, நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

ஆனால் இரண்டாவது வழியில் மெயின் லூப் ஒரு செகண்டு தாமதமானால் 10 மில்லிசெகண்டு டைமர் திரும்பி வந்ததும் 100 முறை வரிசையாக அடிக்கும். எண்ணிக்கை தப்பக்கூடாத வேலைக்கு அது சரி. மோட்டாருக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி நகர்த்தும் வேலையாக இருந்தால் 100 படியை ஒரே தாவலாகத் தாவப் பார்க்கும். இப்போதெல்லாம் டைமர் ஸ்ட்ரக்சரிலேயே ஒரு பிட் வைக்கிறேன்: தவறியதை ஈடுகட்டவா, விட்டுவிடவா. விட்டுவிடுவதென்றால் பழைய கட்டத்திலேயே அடுத்து வரும் நேரத்துக்குத் தாவ வேண்டும், இப்போதிலிருந்து புதிதாக எண்ணக்கூடாது.

ஜூன் 21

பேட்டரியில் ஓடும் போர்டில் டிக்கே இருக்கக்கூடாது. அடுத்து முடியும் டைமர் எப்போதோ, அதுவரை தூங்க வேண்டும். வரிசைப் பட்டியல் இங்கேதான் கை கொடுக்கும், தலையைப் பார்த்தால் போதும். கார்டெக்ஸ்-எம் வகை ப்ராசஸரின் உள்ளேயே இருக்கும் சிஸ்டிக் டைமர் 24 பிட், 72 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 0.23 செகண்டுதான் எண்ணும், பல சிப்புகளில் ஆழ்ந்த தூக்கத்தில் நின்றும் போகும். அதனால் 32,768 ஹெர்ட்ஸில் ஓடும் தனிக் கவுண்டருக்குப் போவோம்.

அங்கே ஒரு பள்ளம். நோர்டிக் என்ஆர்எஃப்52 சிப்பில் இப்படி ஓடும் கவுண்டரான ஆர்டிசியும் 24 பிட், 512 செகண்டில் சுற்றும். கவுண்டர் இப்போது இருக்கும் எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கம்பேரில் எழுதினால் அது அடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை, இரண்டு தள்ளி எழுத வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 512 செகண்டு கழித்து. எந்தச் சிப்பானாலும் கம்பேரில் எழுதிய பிறகு கவுண்டரை இன்னொரு முறை படியுங்கள். தாண்டிவிட்டிருந்தால் இன்டரப்ட்டை நீங்களே தூக்கிவிடுங்கள்.

கிரிஸ்டலுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் போதுமா என்று கேட்டவருக்கு: ஒரு சதவீதப் பிழை என்றால் நாளுக்கு 14 நிமிடத்துக்கு மேல். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) கிரிஸ்டல் என்றால் நாளுக்கு 1.7 செகண்டு.

ஜூன் 29

ஒவ்வொரு டைமருக்கும் "அடிக்க வேண்டிய நேரத்துக்கும் உண்மையில் கவனிக்கப்பட்ட நேரத்துக்கும் இடையே இதுவரை வந்த உச்ச வித்தியாசம்" என்று இரண்டு பைட் வைத்துப் பாருங்கள். நான் இதை வாடிக்கையாளருக்குப் போகும் ஃபர்ம்வேரிலும் எடுப்பதில்லை. மெயின் லூப்பில் யார் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

இது காட்டாத ஒன்றும் இருக்கிறது. ஒரு எஸ்டிஎம்32எஃப்4 போர்டில் உச்சத் தாமதம் எப்போதும் சில மில்லிசெகண்டுதான், எல்லாம் ஒழுங்கு. ஆனால் போர்டின் கடிகாரம் வெளிக் கடிகாரத்தைவிடப் பின்தங்கிக்கொண்டே போனது, அமைப்புகளைச் சேமிக்கும்போதெல்லாம் சுமார் ஒரு செகண்டு. அந்தச் சிப்பில் 128 கிலோபைட் ஃப்ளாஷ் செக்டரை அழிக்க ஒன்றிலிருந்து இரண்டு செகண்டு ஆகும், அதுவரை அதே ஃப்ளாஷிலிருந்து கோடு படிக்க முடியாமல் சிபியு நிற்கும். அந்த நேரத்தில் ஆயிரம் டிக் வந்தாலும் காத்திருக்கும் இன்டரப்ட் ஒன்றுதான், 999 காணாமல் போகும். டிக்கே நின்றுபோனால் டிக்கை வைத்து அளக்கும் தாமதத்தில் அது எப்படித் தெரியும்?

டிக்கை இன்டரப்ட்டில் எண்ணுவதை விட்டுவிட்டு, சிப்பின் ஹார்ட்வேர் டைமர்களில் ஒன்றான டிஐஎம்2ஐ நேராகப் படிக்க மாற்றினோம். அது 32 பிட், மைக்ரோசெகண்டுக்கு ஒன்றாக ஓடவிட்டால் 71 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும், அதற்கு மேல் வேண்டிய நீளத்துக்கு ஓவர்ஃப்ளோவை எண்ணிக்கொண்டோம். அப்படிச் செய்யும்போது மேல் பாதி (ஓவர்ஃப்ளோ எண்ணிக்கை), கீழ் பாதி (டிஐஎம்2), மறுபடி மேல் பாதி என்று படித்து, இரண்டு மேல் பாதியும் ஒன்றாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்டரப்ட் மூடிய இடத்திலிருந்து படிப்பதானால் ஓவர்ஃப்ளோ கொடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேல் பாதியைக் கூட்டும் இன்டரப்ட் அப்போது இன்னும் ஓடியிருக்காது.